உள்ளிருந்து எழும் உஷ்ணம்
தீச்செங்கல் தொழிலில் நுண்ணலைக்கு உரிய இடம் எது?

உருக்காலையைக் காணச் செல்வோர் அனைவரும் உருகிய உலோகம் ஓடும் காட்சியைக் கண்டு வியந்து திரும்புகின்றனர். அவ்வுலோகத்தைத் தாங்கி நிற்கும் சுவரைப் பற்றி நினைப்பவர் மிகச் சிலரே. உருக்கு உருகுவதற்கு ஏறக்குறைய 1500 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் வேண்டும். அந்த உஷ்ணத்தில் அதை ஏந்தும் இரும்புக் கொப்பரையும் உடன் உருகிப் போகாமல் நிற்பதன் காரணம் யாது? கொப்பரையின் உட்புறம் முழுவதும் நெருப்புக்கு அசையாத கற்களால் கவசமிடப்பட்டிருக்கிறது. அக்கற்களையே தீச்செங்கல் என்கிறோம்.

இரும்பு மட்டுமன்று. சிமெண்டு, கண்ணாடி, செம்பு, சுண்ணாம்பு ஆகிய எத்தொழிலை எடுத்துக்கொண்டாலும், பெருநெருப்பு உள்ள இடத்தில் தீச்செங்கல் இல்லாமல் வேலை நடவாது. உலகில் செய்யப்படும் தீத்தாங்கு பொருள்களில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு வரை இரும்பு, உருக்குத் தொழிலுக்கே செல்கிறது. ஒரு டன் உருக்குச் செய்யப் பத்துக் கிலோ தீச்செங்கல் தேய்ந்தழிகிறது என்று வைத்துக்கொள்வோம். 2023-ஆம் ஆண்டில் இந்தியா உற்பத்தி செய்த உருக்கு சுமார் 14 கோடி டன். அதற்கு மாத்திரம் 14 லட்சம் டன் தீத்தாங்கு பொருள் வேண்டியிருந்திருக்கும். ஆகவே இஃது அற்ப விஷயம் அன்று. 2018 முதல் உருக்கு உற்பத்தியில் உலகின் இரண்டாம் இடத்தில் நிற்கும் ஒரு தேசத்தார் அலட்சியம் செய்யக்கூடியதும் அன்று.

நெருப்பைத் தாங்கும் பொருளைச் செய்வதற்கே பெருநெருப்பு வேண்டியிருப்பதுதான் இத்தொழிலின் சங்கடம். சூளையில் எரிவாயுவும் எண்ணெயும் நிலக்கரியும் நாள் கணக்கில் எரிகின்றன. இந்நிலையில், "சூளை நெருப்பே வேண்டாம், வீட்டுச் சமையலறையில் சோற்றைச் சுடவைக்கும் மைக்ரோவேவ் அலையைக் கொண்டே தீச்செங்கல்லைச் சுடலாம், பாதி நேரமும் பாதிச் செலவும் மிச்சமாகும்" என்று ஒரு சாரார் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகின்றனர். அந்த அலையை நாம் நுண்ணலை என்போம். மேற்படி கோரிக்கையில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று சாட்சியங்களைப் பரிசீலித்து நமது அபிப்பிராயத்தை நேயர்கள் முன் வைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

பழைய முறையும் அதன் குறையும்

தீச்செங்கல் செய்யும் முறை பார்வைக்கு எளியது. தீக்களிமண், அலுமினா, மக்னீஷியா முதலிய மூலப்பொருள்களைப் பொடித்து, பருமனுக்கேற்பப் பிரித்து, ஒட்டுப்பொருள் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்தி, உலர்த்தி, சூளையிலிட்டுச் சுடுகிறார்கள். தீக்களிமண் கற்களுக்கு 1200 முதல் 1400 டிகிரி வரை போதும். மக்னீஷியாக் கற்களுக்கு 1600 டிகிரிக்கு மேலும் ஏற்ற வேண்டும். மக்னீஷியா உருகுவது 2800 டிகிரிக்கு மேலே. ஆயினும் அவ்வளவு தூரம் போகாமலே, பொடித் துகள்கள் ஒன்றோடொன்று தொடும் இடங்களில் பற்றிக்கொண்டு, இடையிலுள்ள வெற்றிடம் குறைந்து, முழுவதும் ஒரே கல்லாகக் கெட்டிப்படுகின்றன. சுடுதல் என்பதன் உட்பொருள் இதுவே.

இதில் இடையூறு எங்கே வருகிறதென்றால், உஷ்ணம் வெளியிலிருந்து உள்ளே செல்ல வேண்டியிருப்பதில் வருகிறது. சூளையின் சுவாலை கல்லின் மேற்பரப்பைத்தான் தொடும். அங்கிருந்து உஷ்ணம் ஊர்ந்து ஊர்ந்து நடுப்பகுதிக்குப் போக வேண்டும். உஷ்ணத்தை எளிதில் கடத்தாமை தீச்செங்கல்லில் பலவற்றுக்கு உரிய பெருமை. அப்பெருமையே சூளையில் இடைஞ்சலாகிறது. அவசரப்பட்டுப் பொரித்த அதிரசம் மேலே கருகி உள்ளே மாவாக நிற்பதை நம் வீடுகளில் காண்கிறோம். கல்லின் கதியும் அதுவே. மேற்பரப்பு விரிந்து நடுப்பகுதி விரியாமல் நின்றால் கல் வெடிக்கும். ஆகவே சூளையை மெல்ல மெல்லச் சூடேற்றி, மெல்ல மெல்ல ஆற்ற வேண்டியிருக்கிறது. அந்த நேரம் முழுவதும் சூளைச் சுவரும், கல்லேற்றிய வண்டியும், புகைபோக்கி வழியே ஓடும் வாயுவும் உஷ்ணத்தைத் தின்றுகொண்டே இருக்கின்றன. எரித்த எரிபொருளின் பலனில் கல்லுக்குப் போய்ச் சேர்வது ஒரு சிறு பகுதியே.

யுத்தத்தில் பிறந்த அலை

நுண்ணலை சமையலுக்காகப் பிறந்ததன்று. 1940-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்னும் இருவர் மாக்னெட்ரான் என்ற குழலின் புதிய வகை ஒன்றைச் சமைத்தனர். எதிரி விமானத்தைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கும் ராடார் கருவிக்கு வலிமை மிகுந்த நுண்ணலையை அது தந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அக்குழல் அமெரிக்காவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அங்கே ரேதியான் கம்பெனியில் அதன் உற்பத்தியில் ஈடுபட்டிருந்த பெர்ஸி ஸ்பென்ஸர் என்பவர், அவ்வலை உணவைச் சுடவைப்பதைக் கவனித்து, 1945-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1950-ல் அது வழங்கப்பட்டது. 1947-ல் விற்பனைக்கு வந்த முதல் நுண்ணலை அடுப்பு ஆள் உயரமும் சுமார் 340 கிலோ எடையும் உடையதாயிருந்தது.

இவ்வலை வினாடிக்கு 245 கோடி முறை திசை மாறித் துடிக்கிறது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம் 12 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். இத்துடிப்பு ஜலத்தின் இயற்கைத் துடிப்போடு ஒத்திருப்பதாலேயே ஜலம் சூடாகிறது என்று பலர் எழுதுகின்றனர். அது பிழை. செய்தித் தொடர்புக்கு இடையூறின்றித் தொழிலுக்கென ஒதுக்கப்பட்ட துடிப்பு என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம். அமெரிக்கா முதலிய சில நாடுகளில் வினாடிக்கு 91.5 கோடி துடிப்புள்ள அலையும் தொழிலுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஜலத்தின் அணுத்திரள்கள் ஒரு முனையில் நேர் மின்னும் மறுமுனையில் எதிர் மின்னும் கொண்டவை. அலை திசை மாறும்போதெல்லாம் அவையும் திரும்ப முயல்கின்றன. திரும்புவதில் பின்தங்கி அண்டையிலுள்ளவற்றோடு உரசுகின்றன. அந்த உரசலே உஷ்ணமாகிறது. உஷ்ணம் வெளியிலிருந்து வரவில்லை. பொருளின் உள்ளேயே பிறக்கிறது. இந்த ஒரு வேற்றுமைதான் நம் விசாரணைக்கெல்லாம் மூலாதாரம்.

கனடா நாட்டின் டிங்கா, வாஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1968-ஆம் ஆண்டிலேயே பீங்கானை நுண்ணலையால் சுட்டுக் கெட்டிப்படுத்துவது சாத்தியம் என்று எழுதினர். 1970-களின் நடுவில் அமெரிக்க விஞ்ஞானி வில்லார்ட் சட்டன், அலுமினா மிகுந்த தீத்தாங்கு வார்ப்புக் கலவையை நுண்ணலையால் உலர்த்திக் கொண்டிருந்தார். ஜலம் போன பிறகும் கல் தானே சூடேறிக்கொண்டு போவதை அவர் கண்டார். பின்னர் 1989-ல் அமெரிக்கப் பீங்கான் சங்கத்தின் பத்திரிகையில் இத்துறை முழுவதையும் தொகுத்து அவர் எழுதிய கட்டுரை பலரை இவ்வழிக்குத் திருப்பியது. ஆகவே தீத்தாங்கு பொருள் இத்துறையில் பின்னால் வந்து சேர்ந்ததன்று, தொடக்கத்திலேயே உடனிருந்தது.

கல் அலையை ஏற்குமா?

எல்லாப் பொருளும் நுண்ணலையை ஒரே விதமாக ஏற்பதில்லை. உலோகப் பாளம் அதைக் கண்ணாடி ஒளியைத் திருப்புவது போலத் திருப்பிவிடும். சிலிக்கன் கார்பைட் என்னும் கரிய பொருள் குளிர்ந்த நிலையிலேயே அலையை விழுங்கிச் சூடேறும். தூய அலுமினாவோ குளிர்ந்த நிலையில் அலையைத் தன்னூடே போகவிட்டு, தான் பேசாமல் இருந்துவிடும். ஜிர்கோனியா சில நூறு டிகிரி ஏறிய பின்னரே அலையை நன்றாக ஏற்கத் தொடங்கும்.

இன்னொரு விபரீதமும் உண்டு. அலுமினா போன்ற பொருள் சூடேற ஏற, அலையை விழுங்கும் சக்தியும் கூடிக்கொண்டே போகிறது. ஓரிடம் மற்ற இடத்தைவிடச் சற்றுச் சூடாகிவிட்டால், அவ்விடம் இன்னும் அதிகமாக அலையை இழுத்து மேலும் சூடாகும். அதனால் மேலும் இழுக்கும். கண் மூடித் திறப்பதற்குள் அங்கே கல் உருகிக் குழியாகிவிடும்; அடுத்த சாண் தூரத்தில் கல் வேகாமலே இருக்கும். போதாக்குறைக்கு, பெட்டிக்குள் அலைகள் சுவரில் மோதித் திரும்பி ஒன்றோடொன்று கலப்பதால், சுமார் ஆறு சென்டிமீட்டருக்கு ஒரு சூடான இடமும் இடையிடையே குளிர்ந்த இடமும் உண்டாகின்றன. வீட்டு அடுப்பில் தட்டைச் சுழலவிடுவது இதற்காகவே. டன் கணக்கான கல்லை அவ்வாறு சுழற்றுவது எளிதா?

உள்ளிருந்து சூடேறுவதிலும் ஒரு குறை இருக்கிறது. கல்லின் மேற்பரப்பு சுற்றிலுமுள்ள குளிர்ந்த வெளிக்கு உஷ்ணத்தை இழந்துகொண்டேயிருக்கும். எனவே நடுப்பகுதி மிகச் சூடாகவும் மேற்பரப்பு குறைந்த சூடாகவும் நிற்கும். பழைய சூளையில் தோல் வெந்து உள் வேகாத குறை. இங்கே உள் வெந்து தோல் வேகாத குறை. இரண்டிலும் கல்லுக்கு இழுபறியே மிச்சம்.

இக்குறைக்கு ஆராய்ச்சியாளர்கள் கண்ட பரிகாரம் நியாயமானது. கல்லைச் சுற்றிச் சிலிக்கன் கார்பைட் துண்டுகளை வைத்தனர். அவை முதலில் சூடாகி, வெளியிலிருந்து கல்லை வெதுப்புகின்றன. கல் அலையை ஏற்கும் பக்குவத்துக்கு வந்ததும் உள்ளிருந்தும் உஷ்ணம் எழுகிறது. வெளிச் சூடும் உட்சூடும் சந்திக்கும்போது கல் முழுவதும் ஏறக்குறைய ஒரே உஷ்ணத்தில் நிற்கிறது. பிரிட்டனில் எரிவாயுச் சூளையோடேயே நுண்ணலையைச் சேர்த்துச் சுடும் முறையை 1990-களில் பரீட்சித்தனர். ஜப்பானில் மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன தோகி நகரில் அணு இணைவு ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. மின்வாயுவைச் சூடேற்ற நுண்ணலையைக் கையாளும் அந்நிலையத்து விஞ்ஞானிகள், அண்டை அயலாரின் தொழிலுக்கு உதவும் பொருட்டு, அதே அலையால் பாண்டங்களைச் சுடும் சூளையையும் ஆராய்ந்தனர். உயர்ந்த சாஸ்திரம் பக்கத்துத் தெருக் குயவரின் சூளையை எட்டிப் பார்த்தது போற்றத்தக்கதே.

ஒரு பெருங் கோரிக்கையின் பரீட்சை

1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த ஜேன்னி, கிம்ரி என்ற இருவர் ஒரு பெருங் கோரிக்கையை வெளியிட்டனர். வினாடிக்கு 2800 கோடி துடிப்புள்ள அலையில் அலுமினாவைச் சுட்டால், சாதாரணச் சூளையில் வேண்டியதைவிட 300 டிகிரிக்கும் குறைவான உஷ்ணத்திலேயே அது கெட்டிப்படுகிறது என்றனர். அலை சூட்டை மட்டும் தரவில்லை, வேறொரு தனிச் சக்தியாலும் துகள்களை நகர்த்துகிறது என்ற கொள்கைக்கு இது ஆதாரமாயிற்று. 1999-ல் பென்ஸில்வேனியா ராஜ்ய சர்வகலாசாலையில் ருஸ்தம் ராய் என்பவரும் அவருடைய சகாக்களும், உலோகப் பொடியையும் நுண்ணலையால் சுட்டுக் கெட்டிப்படுத்த முடியும் என்று காட்டினர். உலோகப் பாளம் அலையைத் திருப்பினாலும் உலோகப் பொடி அதை ஏற்கும் என்பது பலருக்கும் புதுச் செய்தியாயிருந்தது. இந்த ராய் நம் ராஞ்சியில் பிறந்தவர் என்பது நேயர்களுக்கு மகிழ்ச்சி தரலாம்.

ஆனால் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாமா? "குறைந்த உஷ்ணம்" என்கிறீர்களே, அவ்வுஷ்ணத்தை எதைக் கொண்டு அளந்தீர்கள் என்று எதிர்த்தரப்பார் கேட்டனர். கேள்வி சரியானதே. உலோகக் கம்பியாலான உஷ்ணமானியை அலைக்குள் நுழைத்தால், அது அலையையே கலைத்துவிடும். தானும் தனியே சூடாகலாம். தூரத்திலிருந்து ஒளியைப் பார்த்து அளக்கும் கருவியோ கல்லின் மேற்பரப்பை மட்டும் காணும். மேற்பரப்பைவிட நடுப்பகுதி சூடாயிருப்பது நுண்ணலையின் இயல்பென்று முன்னரே கண்டோம். மேலே 1300 டிகிரி என்று கருவி சொல்லும்போது உள்ளே 1500 டிகிரி இருந்தால், அதிசயம் எங்கே இருக்கிறது? தனிச் சக்தி உண்டா இல்லையா என்ற விவாதம் பல்லாண்டுகள் நடந்தது. கோரிக்கையின் பெரும்பகுதியை அளவையின் பிழையே விளக்கிவிடும் என்று கருதுவோர் பலர். 1994-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் இத்துறையைப் பரிசீலித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. எல்லாப் பொருளுக்கும் எல்லா வேலைக்கும் பொதுவான மருந்தாக நுண்ணலையைக் கொள்ளாமல், பொருளறிந்து, இடமறிந்து, பெரும்பாலும் வேறு உஷ்ணத்தோடு சேர்த்துப் பயன்படுத்துவதே தக்கது என்பது அவ்வறிக்கையிலிருந்து நாம் பெறும் படிப்பினை.

கணக்கை எங்கே தொடங்குவது?

இனிச் செலவுக் கணக்குக்கு வருவோம். ஒரு டன் அலுமினாவை 1600 டிகிரிக்குக் கொண்டுபோக, நஷ்டமே இல்லையென்று கொண்டாலும், சுமார் 525 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான உஷ்ணம் வேண்டும். வீட்டு அடுப்பிலுள்ள ஒரு கிலோவாட் மாக்னெட்ரான் இவ்வேலையைச் செய்ய 22 நாள் இரவு பகலாக ஓட வேண்டும். நூறு கிலோவாட் தரும் பெரிய தொழிற்குழல் உண்டு. அதற்கு ஐந்தேகால் மணி நேரம் பிடிக்கும்.

நஷ்டமில்லாத இயந்திரம் உலகில் ஏது? மின்சாரத்தை நுண்ணலையாக மாற்றும்போதே ஒரு பங்கு வீணாகிறது. பெட்டிச் சுவரிலும் சுற்றிலுமுள்ள காப்பிலும் இன்னொரு பங்கு போகிறது. எடுத்துக்காட்டுக்காக நூற்றுக்கு 60 பங்கு கல்லைச் சேருகிறது என்று வைப்போம். அப்போது 875 யூனிட் மின்சாரம் வேண்டும். அம்மின்சாரம் நிலக்கரி எரிக்கும் நிலையத்திலிருந்து வந்தால், அங்கே நிலக்கரியின் உஷ்ணத்தில் நூற்றுக்குச் சுமார் 35 பங்கே மின்சாரமாகிறது. ஆகவே 2500 யூனிட்டுக்குச் சமமான நிலக்கரியை எரித்தாக வேண்டும். மறுபக்கம், எரிபொருளின் உஷ்ணத்தில் நாலில் ஒரு பங்கைக் கல்லுக்குச் சேர்க்கும் எரிவாயுச் சூளை ஒன்றிருந்தால், அதற்கு 2100 யூனிட்டுக்குச் சமமான வாயு போதும். பத்தில் ஒரு பங்கை மட்டுமே சேர்க்கும் பழஞ்சூளையானால் 5250 யூனிட் வேண்டும்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? ஓட்டைச் சூளையோடு ஒப்பிட்டால் நுண்ணலை வெல்லும்; நல்ல சூளையோடு ஒப்பிட்டால் தோற்கவும் கூடும். சூரியனிலிருந்தோ காற்றிலிருந்தோ மின்சாரம் வருமானால் வழக்கு மறுபடியும் மாறும். "பாதிச் செலவு மிச்சம்" என்பவர் எந்தச் சூளையோடு ஒப்பிட்டார், கணக்கைச் சூளை வாசலில் தொடங்கினாரா, நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கினாரா என்று கேளாமல் அவர் சொல்லை ஏற்பது பேதைமை.

நெருப்பால் வரும் புகையோடு கணக்கு முடிந்துவிடவும் இல்லை. சேலத்தில் வெட்டப்படும் வெள்ளைக்கல்லை நேயர்கள் அறிவார்கள். அம்மக்னசைட்டைச் சுட்டால்தான் மக்னீஷியா கிடைக்கும். தூய மக்னசைட் ஆயிரம் கிலோவைச் சுட்டால் 478 கிலோ மக்னீஷியா நிற்கும். மீதி 522 கிலோவும் கரியமில வாயுவாக வெளியேறும். கல் தானே விடும் மூச்சு அது. எந்த நெருப்பில் சுட்டாலும், எந்த அலையில் சுட்டாலும் அந்த 522 கிலோ வந்தே தீரும். நுண்ணலையால் புகையே இல்லாத தீச்செங்கல் வந்துவிடும் என்று விளம்பரம் செய்வோர் இதை மறைக்கலாகாது.

வெடிக்கும் வார்ப்பு

இவ்வளவும் படித்த நேயர்கள், நாம் நுண்ணலைக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லப் போகிறோம் என்று எண்ணக்கூடும். அன்று. அதற்குரிய இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் அது காப்பது எரிபொருளை மட்டுமன்று. மனித உயிரையும் ஆகும்.

இக்காலத்தில் உலைகள் எல்லாவற்றையும் செங்கல்லாலேயே கட்டுவதில்லை. காங்கிரீட்டைப் போல, தீத்தாங்கு கற்பொடியோடு கால்சியம் அலுமினேட் சிமெண்டும் ஜலமும் கலந்து அச்சில் ஊற்றி வார்க்கின்றனர். காஸ்டபிள் என்று தொழிலாளர் வழங்கும் வார்ப்புக் கலவை இதுவே. நூறு கிலோ கலவைக்கு ஐந்தாறு கிலோ ஜலம் சேரும். பத்து டன் எடையுள்ள வார்ப்பு ஒன்றில் அரை டன் ஜலம் சிறையுண்டு கிடக்கிறது என்று கொள்ளலாம். அதில் ஒரு பகுதி நுண்துளைகளில் தங்கியிருக்கும். இன்னொரு பகுதி சிமெண்டோடு இரசாயனமாகக் கட்டுண்டிருக்கும். பின்னது 200, 300 டிகிரிக்கு மேலேதான் முழுவதும் விடுபடும்.

இந்த வார்ப்பை வெளியிலிருந்து சூடாக்கினால் என்ன நேரும்? தோல் முதலில் உலர்ந்து போகும். உள்ளே ஜலம் ஆவியாகும். வெளியேற வழி குறைவு. மூடிய பாத்திரத்தில் ஜலம் 200 டிகிரி அடைந்தால் நீராவியின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 15 மடங்கு. 250 டிகிரியில் 39 மடங்கு. 300 டிகிரியில் ஏறக்குறைய 85 மடங்கு. உஷ்ணம் நூறு டிகிரி கூடுவதற்குள் அழுத்தம் ஐந்து மடங்குக்கு மேல் பெருகுவதைக் கவனிக்க. இளம் வார்ப்பின் இழுவலிமை இதற்கு ஈடு கொடுக்க முடியாத கட்டம் வந்தால், கல் பீரங்கிக் குண்டு போல வெடித்துச் சிதறுகிறது. அருகில் நிற்கும் தொழிலாளியின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

இதற்கு அஞ்சியே, கனத்த வார்ப்புகளை மணிக்கு 20, 30 டிகிரி என்ற கணக்கில், இடையிடையே நிறுத்தி நிறுத்தி, நாள் கணக்கில் சூடேற்றுகின்றனர். கலவையில் மெல்லிய பாலிப்ரொப்பிலின் இழைகளைச் சேர்ப்பதும் வழக்கம். அவை சுமார் 165 டிகிரியில் உருகி, ஆவி போகும் வழிகளைத் திறந்துவிடுகின்றன. உலை நின்றிருக்கும் ஒவ்வொரு நாளும் ஆலைக்கு நஷ்டமாதலால், "இன்னும் சற்று விரைவாக ஏற்று" என்று மேலிருந்து நெருக்கடி வருவது இயல்பு. அந்த நெருக்கடியில்தான் விபத்து ஒளிந்திருக்கிறது.

இங்கே நுண்ணலையின் இயல்பு நன்மையாகிறது. குளிர்ந்த அலுமினாவைச் சட்டை செய்யாத அலை, அதனுள்ளிருக்கும் ஜலத்தைத் தேடிப் பிடிக்கிறது. வார்ப்பின் உட்புறம் முதலில் சூடாகி, மேற்பரப்பு பின்தங்குகிறது. உஷ்ணமும் ஆவியின் அழுத்தமும் சேர்ந்து ஈரத்தை உள்ளிருந்து வெளியே தள்ளுகின்றன. தோல் முன்னதாகவே காய்ந்து இறுகி வழியை அடைப்பதில்லை. ஜலம் போகப் போக, அங்கே அலை விழுங்கப்படுவதும் குறைந்து, சூடு பெரும்பாலும் ஈரம் மிஞ்சிய இடத்தையே நாடுகிறது. வேண்டிய உஷ்ணமும் சில நூறு டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது; 1600 டிகிரிக்கு ஏறும்போது வரும் குழப்பங்கள் இங்கே இல்லை. சட்டன் முதன்முதலில் கண்ட காட்சி வார்ப்பை உலர்த்தும்போதே தோன்றியது என்பதை நினைவுகூர்க.

அதற்காக நுண்ணலை அபாயமற்றது என்று கூறோம். அலையின் வேகத்தை அளவின்றிக் கூட்டினால் உள்ளே ஆவி குவிந்து, அதே வெடிப்பு இதிலும் நிகழும். 1990-களில் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிசாலையார், கதிரியக்க அழுக்கேறிய காங்கிரீட்டின் மேற்பரப்பைப் பெயர்த்தெடுக்க நுண்ணலையையே உளியாகப் பயன்படுத்திப் பார்த்தனர். காங்கிரீட்டிலுள்ள ஜலம் ஆவியாகி மேற்படலத்தை வெடித்தெறிந்தது. ஒரே அலை; மெல்ல விட்டால் மருந்து, வேகமாக விட்டால் வெடி.

மற்றுமொரு தடையும் உண்டு. உலையில் கட்டி முடித்த கவசத்தின் பின்னே இரும்புத் தகடும், அதனைப் பிடித்து நிற்கும் உருக்குக் கொக்கிகளும் இருக்கின்றன. அவை அலையைத் திருப்பிவிடும். சில இடங்களில் பொறியும் பறக்கும். ஆகவே கட்டிய உலையை இம்முறையில் உலர்த்துவது கடினம். தொழிற்சாலையிலேயே உலோகமின்றி வார்த்து, அங்கேயே உலர்த்தி, பின்னர் உலைக்குக் கொண்டுபோய்ப் பொருத்தும் வார்ப்புகளுக்கே இது முற்றும் பொருந்தும். அப்பெட்டியையும் அலை கசியாமல் அடைக்க வேண்டும். வீட்டு அடுப்புக்கு, ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து மில்லிவாட்டுக்கு மேல் கசியலாகாது என்று வரம்பு உண்டு. அதைப் போலப் பன்மடங்கு வலிமையுள்ள தொழிற்பெட்டிக்குப் பூட்டும் காவலும் எவ்வளவு வேண்டும் என்பதை யூகித்துக் கொள்ளலாம்.

நமது தீர்ப்பு

சாட்சியம் முழுவதையும் கேட்ட பின் நமது அபிப்பிராயம் இது. சூளை நெருப்பை அடியோடு நீக்கி அதன் ஆசனத்தில் நுண்ணலையை அமர்த்தலாம் என்ற கோரிக்கை இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. நெருப்போடு கூட்டாளியாக அதைச் சேர்க்கலாம் என்பது நிரூபணமாகியிருக்கிறது. ஆயினும் ஆதாயம் உண்டா என்பது அந்தந்தச் சூளையையும் மின்சாரம் வரும் வழியையும் பொறுத்தது. ஈரம் பொதிந்த கனத்த வார்ப்பை உள்ளிருந்து உலர்த்தும் வேலையிலோ அதன் உரிமை மிக வலுவானது.

புதிய கருவி ஒன்று வரும்போது இருவகைத் தவறு நேர்கிறது. மேல்நாட்டில் வந்துவிட்டது, நாமும் உடனே வாங்க வேண்டும் என்று துள்ளுவது ஒன்று. பாட்டன் காலத்துச் சூளை போதும் என்று சோம்பிக் கிடப்பது மற்றொன்று. இரண்டிலும் நஷ்டம் ஒன்றே. கல்கத்தாவில் 1950-ல் திறக்கப்பட்ட மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் போன்றவை நமக்கு உண்டு. நம் மண்ணில் கிடைக்கும் தீக்களிமண்ணும் வெள்ளைக்கல்லும் நுண்ணலையை எவ்வாறு ஏற்கின்றன, நம் கலவைகளை எத்தனை மணியில் வெடிப்பின்றி உலர்த்தலாம் என்பதைப் பிறர் வந்து அளந்து சொல்லவேண்டும் என்பதில்லை.

பொதுப்பணம் கேட்டு இக்கருவியோடு எவர் வந்தாலும், பொதுநல ஊழியர்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். உஷ்ணத்தை எங்கே, எதனால் அளந்தீர்? செலவுக் கணக்கை எந்த இடத்தில் தொடங்கினீர்? வார்ப்பின் அருகே நிற்கும் தொழிலாளிக்கு அபாயம் குறைந்ததா, கூடிற்றா? முதலிரண்டுக்கும் விடை காகிதத்தில் கிடைக்கும். மூன்றாவதற்கு விடை ஆலையில்தான் கிடைக்கும். அந்த விடை திருப்தியாயிருக்குமானால், மற்ற இரண்டில் சிறிது குறைவிருந்தாலும் அக்கருவியை வரவேற்க நாம் தயங்கமாட்டோம்.